ஹுவானாவை அடுத்துப் படமாக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சரித்திரப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்பெயினின் பகுதியான காஸ்டீல் நாட்டு அரசி ஹுவானாவின் கதையை உங்களில் யாராவது ஒருவர் மறுபடி எடுக்கத்தான் போகிறீர்கள். 1855-இல் மனுவேல் தமாயோ இ பாவுஸ் அவளை மேடையேற்றினார். 1948-இல் ஹுவான் தே ஒர்துஞா அந்த நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். 2001-இல் விசென்தே அராந்தா அதே நாடகத்தை அடியொற்றி இன்னொரு படம் எடுத்தார். அதில் நடித்த பிலார் லோபெஸ் தே அயாலாவுக்கு ஸ்பெயினின் கோயா விருது கிடைத்தது. தலைமுறைக்கு ஒரு தடவை யாராவது அவளைக் கூப்பிட்டு, கணவன் மேல் பித்துப் பிடித்து அலைந்தவளாக நிறுத்திப் பார்க்கிறார்கள். அடுத்த முறை கூப்பிடுவதற்கு முன்னால் என் பக்கத்துப் பேச்சையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிற ஆள். ஒரு திரைப்படச் சங்கத்துக்காக இந்த அரசியின் கதையை வசனம் வசனமாகத் தமிழில் எழுத நேர்ந்தது. ஸ்பானியர்கள் அவளை ‘லா லோகா’ என்கிறார்கள். அதற்கு என்ன போடுவது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ‘பித்து’ என்றால் தமிழில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. சாமியையே பித்தன் என்று கூப்பிட்டுப் பாடிய மொழி இது. ‘பைத்தியம்’ என்றால் அந்த மரியாதை போய்விடும், கதவைச் சாத்திப் பூட்டிவிடலாம். இடம் போதாது, எழுத்து எண்ணிக்கை தாண்டக்கூடாது என்றெல்லாம் கணக்குப் பார்த்து, கடைசியில் ‘பைத்தியக்கார அரசி’ என்றே போட்டேன்.

திரையிடல் முடிந்து விளக்கு எரிந்ததும் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, “பாவம், லூசு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. படம் சொன்னதை, நான் எழுதிக் கொடுத்ததை, அவர் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பொறாமையே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று நிறுவ நான் வரவில்லை. பொறாமை இருந்தது, கொழுந்துவிட்டு எரிந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு ஒரு புனிதவதியை நிறுத்தினால் அதுவும் பொய்தான். மருதத்திணையில் ஊறிய நமக்கு இது புதிதா? பரத்தையிடம் போய்விட்டு விடியற்காலையில் வாசலில் வந்து நிற்கும் தலைவனை உள்ளே விடாத தலைவியை நம் புலவர்கள் எத்தனை பாட்டில் பாடியிருக்கிறார்கள். ஒரு புலவனும் அவளைப் பைத்தியம் என்று சொன்னதில்லை. கோபப்படுவது அவள் உரிமை என்றுதான் ஊடலுக்கு இலக்கணமே வகுத்தார்கள்.

ஹுவானா ஊடிய இடத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

1496 ஆகஸ்டில் லாரேடோ துறைமுகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களோடு அவளை அனுப்பிவைத்தார்கள். வயது பதினாறு. மாப்பிள்ளை பிலிப், ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து வாரிசு, பதினெட்டு வயது, ஊரே ‘அழகன்’ என்று கூப்பிட்டது. லியர் என்ற ஊரில் இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டதும், முகூர்த்தம் வரை பொறுக்காமல் அங்கேயே பாதிரியாரைக் கூப்பிட்டு ஆசி வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். இந்தக் காட்சியை நீங்கள் யாரும் விடுவதில்லை, விடவும் வேண்டாம், அழகான காட்சி.

நீங்கள் விட்டுவிடுவது அதற்கடுத்த காட்சியை. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் பிளாண்டர்ஸ் அரண்மனையில் அவளோடு வந்த ஸ்பானிய ஆட்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு, பிலிப்பின் ஆட்களை வைத்தார்கள். அவளுக்கென்று ஒப்புக்கொண்ட வருமானம் அவள் கைக்கு வரவே இல்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவர 1498-இல் பெற்றோர் அனுப்பிய மத்தியென்சோ என்ற துறவி, தர்மம் கொடுக்கக்கூட அவள் கையில் ஒரு காசு இல்லை என்று எழுதினார். பிறந்த வீட்டு ஆட்கள் பக்கத்தில் இல்லை, கையில் பணம் இல்லை, வேலைக்காரர்கள் எல்லாம் புருஷனின் உளவாளிகள். இந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். அவனும் இரவு வேறு அறைக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? பொறாமை ஏதோ ரத்தத்தில் இருந்து ஊறி வந்த நோய் மாதிரி காட்டுகிறீர்களே, அந்தக் காலியான பணப்பெட்டியையும் ஒரு தடவை திறந்து காட்டக்கூடாதா?

ரத்தம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அம்மாவைப் பெற்ற பாட்டி, போர்ச்சுகலில் இருந்து வந்த இசபெல், மனம் கலங்கி அரேவலோ ஊரில் ஒதுங்கிக் கிடந்து இறந்தவர். ஹுவானாவுக்கும் நோய் இருந்திருக்கலாம். மனச்சோர்வு என்கிறார்கள் சிலர், இன்னும் பெரிய பெயர்கள் சொல்கிறவர்களும் உண்டு. 1868-இல் பெர்கன்ரோத் என்ற அறிஞர் ஸ்பெயினின் சிமாங்காஸ் ஆவணக்காப்பகத்தில் இருந்த காகிதங்களைத் தோண்டி எடுத்து, அவள் பைத்தியமே அல்ல என்று எழுதியதும் பெரிய சண்டை மூண்டது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒருத்திக்கு நாடி பிடித்துப் பார்க்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் அவளைப் பற்றி எழுதி வைத்தவர்கள் யார், எதற்காக எழுதினார்கள் என்று பார்க்க முடியும்.

மெதினா தெல் காம்போ ஊரின் லா மோத்தா கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1503 நவம்பர். அண்ணன் செத்து, அக்கா செத்து, அக்காவின் குழந்தையும் செத்துப்போக, அம்மாவுக்கு அடுத்து முடிக்கு உரியவளாக ஹுவானா ஆகியிருந்தாள். பட்டத்து வாரிசு என்று சத்தியம் வாங்கிய கையோடு பிலிப் 1502 டிசம்பரில் அவளை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டான். அவள் நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தாள். 1503 மார்ச்சில் பிள்ளை பிறந்தது. அதன் பிறகும் அவளைப் போகவிடவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிரான்ஸோடு சண்டை, வாரிசு நாட்டில் இருக்க வேண்டும் என்று நாளைக் கடத்தினார்கள். ஒரு நாள் அவள் கிளம்பியேவிட்டாள். ஆயர் ஃபொன்சேகா கோட்டை வாசலை மூடச் சொன்னார். வாசலுக்கு வெளியே போக முடியாது, உள்ளே போக அவளுக்கு மனசில்லை. அந்தக் குளிரில், திறந்த வெளியில், சரியான உடுப்புகூட இல்லாமல் இரவெல்லாம் நின்றாள். பிறகு வாசலை ஒட்டியிருந்த சமையற்கட்டுக்குள் ஒதுங்கினாள், அறைக்கு மட்டும் திரும்பவே இல்லை. செகோவியாவிலிருந்து நோயாளி அம்மா வரவேண்டியிருந்தது. மகள் தன்னிடம் பேசிய பேச்சு எந்த மகளும் தாயிடம் பேசக்கூடாத பேச்சு என்று அந்த அம்மா, இசபெல் மகாராணியே கடிதத்தில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

இதை ‘கணவனைக் காணாத வெறி’ என்று எடுக்கலாம். இரண்டு படத்தையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பார்வை பழக்கம்தான். ஆனால் பிளாண்டர்ஸில் அவளுக்காகக் கணவன் மட்டுமா காத்திருந்தான்? எலனோர் ஐந்து வயது, கார்லோஸ் மூன்று வயது, சின்ன இசபெல் இரண்டு வயது. மூன்று பிள்ளைகளை ஒரு வருஷத்துக்கு மேல் பார்க்காத தாய் கோட்டை வாசலில் நின்றாள். பிள்ளைகளின் பெயரை வசனத்தில் ஒரே ஒரு தடவை சேர்த்துப் பாருங்கள். அதே நடிகை, அதே மழை, அதே கதவுதான், காட்சி மட்டும் தலைகீழாக மாறிவிடும்.

1504-இல் அவள் போய்ச் சேர்ந்தாள். அங்கே பிலிப்புக்கு ஒரு பெண்ணோடு தொடர்பு. ஹுவானா அந்தப் பெண்ணைத் தாக்கி முடியை வெட்டச் செய்தாள் என்று செய்தி ஸ்பெயின் வரை போனது. நடந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. அது நடந்தபிறகு வந்த காகிதத்தைத்தான் நீங்கள் திரையில் காட்ட வேண்டும் என்கிறேன். அவளுடைய பொருளாளர் மார்தின் தே மொஹிகா அவள் நாள்தோறும் என்ன செய்கிறாள், எப்படிக் கத்துகிறாள், எப்போது சாப்பிட மறுக்கிறாள் என்று குறிப்பு எழுதினார். எழுதச் சொன்னது புருஷன். அது போய்ச் சேர்ந்தது மாமனார் கைக்கு. மனைவி மேல் புகார் சொல்ல பிலிப் அனுப்பிய அந்த நாட்குறிப்பை வைத்தே, 1505 ஜனவரியில் டோரோ நகரத்தில் கூடிய மன்றத்தில், மகளால் ஆள முடியாது, நான்தான் ஆள வேண்டும் என்று அவளுடைய அப்பா ஃபெர்டினாண்ட் ஒப்புதல் வாங்கினான். மனைவி மேல் பிலிப் எறிந்த கல் அவன் காலிலேயே விழுந்தது. இசபெல் மகாராணி இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மகள் இல்லாவிட்டாலோ, ஆள விரும்பாவிட்டாலோ, முடியாவிட்டாலோ அப்பா பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா உயிலில் விட்டுவைத்த அந்த ஒரு வாசல் போதுமாக இருந்தது.

இதற்குப் பதில் போல 1505 மே 3-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு கடிதம் போகிறது, ஹுவானாவின் கையெழுத்தோடு. என்னிடம் குறை இருந்தால் அது பொறாமை ஒன்றுதான், இந்த உணர்ச்சி என்னிடம் மட்டும் இருந்ததல்ல, பெரும் சிறப்புடைய என் தாயாரும் இப்படித்தான் இருந்தார், காலம் அவரைக் குணப்படுத்தியது, கடவுள் அருளால் என்னையும் குணப்படுத்தும் என்கிற பொருளில் அதில் வருகிறது. அவளே மனமறிந்து சொன்னதா, பிலிப்பின் ஆட்கள் எழுதி நீட்டிக் கையெழுத்து வாங்கியதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கணவனிடமிருந்து ஆட்சியைப் பறிக்க மாட்டேன் என்றும் அதே கடிதத்தில் வருவதால் சந்தேகம் நியாயம்தான்.

எழுதியது யாராக இருந்தாலும் அம்மாவைப் பற்றிய அந்த வரி உண்மை. ஃபெர்டினாண்டுக்கு வேறு பெண்களிடம் பிள்ளைகள் இருந்தார்கள். இசபெல் பொறாமைப்பட்டார், ஊருக்கே தெரியும். ஆனால் இசபெல் கையில் கஜானா இருந்தது, படை இருந்தது. அதனால் அம்மாவின் பொறாமை குடும்ப விஷயமாக நின்றுவிட்டது. மகளிடம் ஒரு காசும் இல்லாததால் அவளுடையது நோயானது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் முள்ளாகக் குத்துகிற இடம் இதுதான். இசபெல் செத்த வருஷம் திரும்புவதற்குள் ஃபெர்டினாண்ட் பதினெட்டு வயதுக்காரி ஜெர்மேனைக் கட்டிக்கொள்ள ஒப்பந்தம் போட்டான். அவனை யாரும் ‘ஆசைப் பைத்தியம்’ என்று பட்டம் கட்டிப் படம் எடுக்கவில்லை.

1506 ஜூன் மாதக் கடைசியில் வில்யாஃபாஃபிலா என்ற சிற்றூரில் மாமனாரும் மருமகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள். அதுவரை எலியும் பூனையுமாக இருந்தவர்கள். ஹுவானா ஆள விரும்பினாலும் விடக்கூடாது, அவள் நிலைமையில் அவள் ஆண்டால் நாடு அழியும் என்று இருவரும் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்திட்ட கையோடு ஃபெர்டினாண்ட் ரகசியமாக இன்னொரு பத்திரம் எழுதி, நான் வற்புறுத்தலால் கையெழுத்திட்டேன், என் மகளின் உரிமையைப் பறிக்க ஒப்பவில்லை என்று பதிந்துவைத்தான். ஒரே நாளில் இரண்டு பத்திரம்! இதைவிட நல்ல காட்சி எந்தத் திரைக்கதையாளனுக்குக் கிடைக்கும்? வாள்சண்டையே வேண்டாம், மை காய்வதைக் காட்டினால் போதும்.

இதற்குப் பிறகும் நாட்டு மக்களின் பிரதிநிதிகள் அவளைத் தகுதியற்றவள் என்று அறிவிக்க மறுத்தார்கள். காஸ்டீலின் கடற்படைத் தலைவர் ஃபத்ரிக்கே என்ரீக்கெஸ் முசியெந்தேஸ் ஊருக்கே போய் அவளிடம் நெடுநேரம் பேசினார். இருட்டறையில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னாள் என்று அவர் திரும்பி வந்து சொன்னார். அந்த ஜூலையில் வயதோலித் நகரத்தில் அவளையே உரிமையுள்ள அரசியாக ஏற்று சத்தியம் செய்தார்கள். படங்களில் இந்த இடம் வந்தால் அவசரமாக வந்து போகும். காரணம் எனக்குப் புரிகிறது: நிதானமாகப் பேசும் ஹுவானாவைப் பார்த்துவிட்டால் அடுத்த பாதியில் அவளைப் பித்துப்பிடித்தவளாகக் காட்டுவது கஷ்டம்.

இன்னொன்று. இரண்டு படங்களிலும் பிலிப்பின் மனசு ஒரு மூர் இனப் பெண் மேல் போகிறது; மூர்கள் என்றால் ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம்கள். நாடகத்திலிருந்தே வந்த சரக்கு அது, வரலாற்றில் அப்படி ஒருத்தி இல்லை. மூர்கள் ஆண்ட கிரனாதாவை வென்று, அவர்களை மதம் மாற்றி விரட்டிக்கொண்டிருந்த காலத்துக் கதையில், அரசியின் வீட்டைக் கெடுக்க ஒரு மூர் பெண்ணையே கற்பனை செய்து கொண்டுவருவது எனக்கு வலிக்கிறது. ஹுவானாவின் உண்மையான எதிரிகள் அவளைப் பெற்றவனும் கட்டினவனும்தான், பிற்பாடு அவள் பெற்ற பிள்ளையும். அந்த மூவரையும் விட்டுவிட்டு இரண்டு பெண்களை மோதவிட வேண்டாம், தயவுசெய்து.

செப்டம்பர் 25, 1506. பர்கோஸ் நகரத்தில் பிலிப் செத்துப்போனான். பந்து விளையாடிவிட்டு வியர்வையோடு குளிர்ந்த தண்ணீர் குடித்தான், காய்ச்சல் கண்டது என்பார்கள். வயது இருபத்தெட்டு. கர்ப்பிணியாக இருந்த ஹுவானா, மிராஃப்லோரெஸ் மடத்தில் வைத்திருந்த சவப்பெட்டியை எடுத்துக்கொண்டு டிசம்பரில் கிளம்பினாள். இனி என்ன வரும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இரவில் மட்டும் பயணம், தீவட்டி, திறக்கப்பட்ட சவப்பெட்டி, கன்னியர் மடம் என்று தெரிந்ததும் பெண்கள் அருகில் வேண்டாமென்று பெட்டியை வெட்டவெளிக்கு எடுத்துப் போகச் சொன்னது.

1877-இல் ஃபிரான்சிஸ்கோ பிரதில்யா இந்தப் பயணத்தை வரைந்த ஓவியம் இன்று மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து மீட்டர் அகலம். உங்கள் ஒவ்வொரு படத்துக்கும் அதுதான் தாய் வீடு. நானும் அதன் அச்சுப் பிரதியை மேசைமேல் வைத்துக்கொண்டு பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவில் கறுப்பு உடையில், வயிறு தெரிய, சவப்பெட்டியைப் பார்த்தபடி அவள் நிற்கிறாள். காற்று ஒரு பக்கமாக அடிக்கிறது. ஈர விறகின் புகை முழுக்கச் சாய்ந்து ஓடுகிறது, மெழுகுவத்திச் சுடர்கள் படுத்துக் கிடக்கின்றன. தரையெல்லாம் சேறு, வண்டிச் சக்கரத் தடம். சுற்றியிருக்கும் சீமாட்டிகள் குளிரில் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் இடதுகையில் இரண்டு மோதிரங்கள், அவளுடையதும் செத்தவனுடையதும். இந்தக் கூட்டத்தில் குளிர் உறைக்காதவள் அவள் ஒருத்திதான். பெரிய கலைஞனின் வேலை. ஆனால் அந்த ஓவியத்தின் சட்டத்துக்கு வெளியே அதே டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? பிலிப் தன் ஆட்களுக்கு அள்ளிக் கொடுத்திருந்த சலுகைகளையெல்லாம் ரத்து செய்து ஹுவானா ஆணை பிறப்பித்தாள். அரசுச் சொத்தைத் திரும்பக் கேட்ட கையெழுத்து அது. அந்தக் கையில்தான் அந்த இரண்டு மோதிரமும் இருந்தன.

கிரனாதாவில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது பிலிப்பின் ஆசை. அவளுடைய அம்மாவை அடக்கம் செய்ததும் அங்கேதான். காஸ்டீலின் அரசர்களோடு பிலிப்பைப் படுக்க வைத்துவிட்டால் மகன் கார்லோஸின் உரிமையை நாளைக்கு எவனும் கேள்வி கேட்க முடியாது. சவப்பெட்டி மண்ணுக்குமேல் இருக்கும்வரை அவளுக்கு இன்னொரு கல்யாணம் பேசவும் முடியாது; இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி அவளைக் கேட்டுத் தூது விட்டுக்கொண்டிருந்தான். இப்படி அந்தப் பயணத்துக்குக் கணக்குச் சொல்கிற வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லாம் கணக்குதான், துக்கமே இல்லை என்று நான் நம்பவில்லை. துக்கமும் கணக்கும் ஒரே நெஞ்சில் இருக்காதா என்ன? ஆம்பளைக்கு இருந்தால் ராஜதந்திரம் என்கிறோம்.

சரி, இதுவரைக்கும் நீங்கள் எடுத்த பகுதி. இனி எடுக்காத பகுதி.

1509-இல் அப்பா அவளைத் தோர்தெசில்யாஸ் அரண்மனைக்குக் கொண்டுபோய் வைத்தான். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. 1555 ஏப்ரல் 12, புனித வெள்ளி அன்று அங்கேயே செத்தாள், எழுபத்தைந்து வயதில். இடையில் 46 ஆண்டுகள். பிலிப்போடு வாழ்ந்தது பத்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. அந்தப் பத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறீர்கள். நாற்பத்தாறுக்குக் கிடைப்பது, வயதான ஒருத்தி பழசை நினைத்துப்பார்க்கும் ஒரு முன்னுரையும் ஒரு முடிவுரையும். அவளுக்கு அவனை நினைப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாதது மாதிரி.

வேலை இருந்தது, சண்டை போட்டுக்கொண்டே இருந்தாள். 1516-இல் அப்பா செத்தபோது அவளிடம் சொல்லவில்லை. 1518-இல் காவலுக்கு வந்த தெனியா பிரபு, அப்பா உயிரோடு இருக்கிறார் என்றே அவளிடம் சாதித்தார். அவளுக்கு என்ன தெரியக்கூடாது, யார் அவளைப் பார்க்கக்கூடாது என்பது பற்றிக் கார்லோஸும் தெனியாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் சிமாங்காஸ் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் அவளை ‘நம் அரசியார்’ என்று வாய் நிறைய மரியாதையோடுதான் குறிப்பிடுகிறார்கள், கதவை மட்டும் திறக்கவில்லை. அவள் சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, தரையில் படுக்கிறாள், பூசைக்கு வர மறுக்கிறாள் என்றெல்லாம் நமக்குச் சொல்வதும் அந்தக் கடிதங்களே. சாவி வைத்திருந்தவர்கள் எழுதினார்கள். உள்ளே இருந்தவளிடம் பட்டினி ஒன்றுதான் ஆயுதம்.

1517 நவம்பரில் கார்லோஸும் எலனோரும் அவளைப் பார்க்க வந்தார்கள். கார்லோஸை அவள் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு ஆறு வயது நிறையவில்லை. இப்போது பதினேழு. நீங்கள்தானா என் பிள்ளைகள், இவ்வளவு வளர்ந்துவிட்டீர்களா என்று கேட்டாளாம். அம்மாவின் பெயரில் ஆள அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை போனான். அவளைத் திறந்துவிடவில்லை.

1520-இல் காஸ்டீல் நகரங்கள் கார்லோஸுக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்தன. கிளர்ச்சித் தலைவர் ஹுவான் தே பாதில்யாவும் மற்றவர்களும் தோர்தெசில்யாஸுக்குள் நுழைந்து, நீங்கள்தான் எங்கள் அரசி என்று அவள் முன்னால் நின்றார்கள். செப்டம்பரில் மன்றம் போல் கூடியவர்களிடம் அவள் பேசினாள். அப்பா இறந்ததை என்னிடம் மறைத்தார்கள், கெட்டவர்கள் என்னைச் சூழ்ந்து பொய் சொன்னார்கள், நாட்டுக்கு நடந்த தீங்குகள் எனக்கு வருத்தம் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஒரு கையெழுத்து போட்டிருந்தால் மகனின் சிம்மாசனம் ஆட்டம் கண்டிருக்கும், அவள் கதவும் திறந்திருக்கும். எத்தனை கெஞ்சியும் அவள் போடவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி கார்லோஸின் படை ஊரைப் பிடித்தது. தெனியா திரும்பி வந்தார், பூட்டும் திரும்பி வந்தது.

தன்னைப் பூட்டி வைத்த பிள்ளையின் முடியைத் தன் கையாலேயே காப்பாற்றிவிட்டு மறுபடி உள்ளே போன பெண்ணை நான் ஒரு படத்தில் பார்க்க வேண்டும். வெறிபிடித்த காதல் என்று போஸ்டர் ஒட்டுகிறீர்களே, அந்தப் போஸ்டரில் இதற்கு எங்கே இடம்?

அவள் கடைசி மகள் கத்தலீனாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சவப்பெட்டியோடு போன அந்தப் பயணத்தில், தோர்கெமாதா என்ற ஊரில், 1507 ஜனவரியில் பிறந்தவள். அம்மாவோடு அவளும் தோர்தெசில்யாஸில் அடைபட்டு வளர்ந்தாள். அவள் அறைக்கு அம்மாவின் அறை வழியாகத்தான் போக முடியும். கார்லோஸின் பரிவாரத்தில் வந்த லோரன் விதால் அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரணத் துணி உடுத்தியிருந்தாள். தெருவைப் பார்க்க அவளுக்கு ஒரு ஜன்னல். வெளியே ஊர்ப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பாள். அவர்கள் நாளைக்கும் அங்கே வந்து விளையாட வேண்டும் என்பதற்காக ஜன்னல் வழியே காசு எறிவாள்.

இதை முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

1518-இல் கார்லோஸ் தங்கையை வெளியே கொண்டுபோகச் சொன்னான். அம்மாவின் அறை வழியாகப் போக முடியாதே, சுவரை உடைத்து ஓட்டை போட்டு ராத்திரியில் தூக்கிப் போனார்கள். பிள்ளை இல்லாததைக் கண்ட ஹுவானா சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டாள். சில நாட்களில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் ஏழு வருஷம் சேர்ந்திருந்தார்கள். 1525 ஜனவரியில் போர்ச்சுகல் அரசன் மூன்றாம் ஜொவாவுக்குக் கட்டிக்கொடுக்க அவளை அழைத்துப் போனார்கள். இந்த முறை ஹுவானா சாப்பிட மறுக்கவில்லை. மகள் போன திசையைப் பார்த்தபடி ஒரு பகலும் ஓர் இரவும் நின்றாள் என்று சொல்வார்கள்.

உங்கள் அடுத்த படத்தை இங்கே ஆரம்பியுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பிலிப் வரட்டும், அவன் அழகும் துரோகமும் வரட்டும், வெட்டிய கூந்தலும் சவப்பெட்டியும் வரட்டும். எதையும் ஒளிக்கச் சொல்லவில்லை. அந்த நாட்குறிப்பை எழுதியவன் பேனாவும் பக்கத்திலேயே வரட்டும், பத்திரத்தில் கையெழுத்திட்ட இரண்டு ஆண்களின் முகமும் நெருக்கத்தில் வரட்டும். அவள் கத்தும்போது எதிரே நின்று குறிப்பெடுப்பவனையும் கேமரா ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும். பெயரில் ‘லோகா’ வேண்டாம். ‘காஸ்டீலின் ஹுவானா’ என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? சாகும்வரை அவள்தான் சட்டப்படி அரசி. ஆணைகள் அவள் பெயரிலும் மகன் பெயரிலும் போயின. 1536-இல் மெக்சிகோவில் அமெரிக்கக் கண்டத்தின் முதல் நாணயச்சாலை தொடங்கி வெள்ளிக்காசு அடித்தபோது, அதில் கார்லோஸைக் குறிக்கும் ‘கரோலுஸ்’ என்ற லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் ஹுவானாவைக் குறிக்க ‘யோஹானா’ என்று பொறித்தார்கள். கடல் தாண்டி யார் யாரோ கையில் அவள் பெயர் புழங்கிக்கொண்டிருந்தது. அவள் தோர்தெசில்யாஸ் அறையில் இருந்தாள்.

நானும் என் பங்குக்கு அந்தப் பழைய சப்டைட்டில் கோப்பைத் திறந்து ‘பைத்தியக்கார அரசி’ என்று வந்த இடத்தையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பகைவர்கள் வாயில் வரும் இடங்களில் அப்படியே விட்டுவிட்டேன், அது அவர்கள் பேச்சு. மற்ற இடங்களில் அவள் பெயரைப் போட்டேன். எழுத்து எண்ணிக்கையும் குறைந்தது.

நீங்கள் தோர்தெசில்யாஸ் படத்தை எடுத்தால் தமிழ் சப்டைட்டிலை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். கத்தலீனா காசு எறியும் ஜன்னல் காட்சியையும், ஏழு வருஷம் கழித்து அவள் போனபின் அம்மா நின்ற காட்சியையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
சப்டைட்டில் எழுதும் ஒரு ரசிகர்